இரண்டு அங்குலம் கூடிய வீடு

ஜெமீலா ராத்தாவைப் பற்றிக் குறிஞ்சிப்பிட்டியில் யாரிடம் கேட்டாலும் "நல்ல பொறுமைசாலி" என்பார்கள். பச்சைப் பொய். மதிலுக்கு இந்தப் பக்கம், அவருக்குக் கூடப்பிறக்காத தங்கச்சியாக, இருபத்தெட்டு வருடமாகத் தையல் மெசின் மிதிக்கிற எனக்குத் தெரியாதா? தேத்தண்ணி ஆறும்வரைகூடப் பொறுக்கமாட்டார். கோப்பையிலிருந்து பீரிசுத் தட்டில் ஊற்றி மளமளவென்று குடித்துவிட்டு, "இன்னும் நீ குடிச்சு முடிக்கல்லயா அக்கீலா?" என்று என்னைப் பார்த்துக் கேட்பார். அவர் பொறுமையாக இருந்தது என் அறிவுக்கு எட்டியவரை ஒரே ஒரு தடவைதான். நாலு மாதமும் பத்து நாளும். அதையும் முழுதாக இருந்து முடித்தார் என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

அவருக்கு இப்போது அறுபத்தெட்டு வயது. பத்தொன்பதாவது வயதில் நிக்காஹ். எங்கள் பக்கத்து வழக்கப்படி வாப்பா மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்தார். மாப்பிள்ளை ஹயாத்து முகம்மது அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஆகவே வீடு ராத்தாவின் பெயரில் இருக்கிறது. அந்தத் தைரியத்தில் நினைத்த நேரமெல்லாம் அதை உடைத்து மாற்றுவார். குசினி வாசலைக் காற்றுக்காக ஒரு தடவையும் புகைக்காக ஒரு தடவையும் இடம் மாற்றினார். வெங்காயத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர்களின் கையில் அலவாங்கைக் கொடுத்துச் சுவர் இடிக்க வைத்திருக்கிறார். ஹயாத்து மச்சான் வாய் திறக்கமாட்டார். "அவட வீடு, அவ உடைக்கிறா, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்.

இரண்டு வருடத்துக்கு முன் ராத்தாவுக்குப் பாரிசவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இடது காலும் இடது கையும் பாதிதான் திரும்பி வந்தன. கைத்தடி வாங்கிக் கொடுத்தோம். அதைக் கோழி விரட்ட வைத்துக்கொண்டார். நடப்பதற்கு மச்சானின் கையைப் பிடித்தார். கட்டிலிலிருந்து எழும்ப மச்சான், பாத்ரூமுக்குள் இறங்க மச்சான், முன்படியில் ஏற மச்சான். அவர் கண்ணை மூடி மௌத்தான பிறகுதான் எங்களுக்கு ஒன்று விளங்கியது. அந்த வீட்டில் பிடித்துக்கொள்ள ஒரு கைபிடிகூட இல்லை. இரண்டு வருடமாக அந்த வீட்டுக்குக் கைபிடியாக இருந்தவர் அவர்தான்.

ஜனவரியில் ஒருநாள் சுபஹ் தொழுதுவிட்டு உட்கார்ந்த மச்சான் எழும்பவில்லை. ராத்தா இத்தா இருக்கத் தொடங்கினார். கணவன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும் தன் வீட்டை விட்டு வெளிக்கிடாமல், அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் இருப்பதுதான் இத்தா. நான் வெள்ளைத் துணியில் மூன்று உடுப்புத் தைத்துக் கொடுத்தேன். நடுக்கூடத்துக்குக் குறுக்கே ஒரு திரையும் தைத்துக் கட்டினேன்.

பன்னிரண்டாம் நாள் ராத்தா விழுந்தார். அறையிலிருந்து பாத்ரூமுக்கு இறங்குகிற இடத்தில்தான் விழுந்தார். தண்ணீர் அறைக்குள் வந்துவிடும் என்று எங்கள் ஊர் மேசன்மார் பாத்ரூம் நிலத்தை ஆறு அங்குலம் இறக்கித்தான் கட்டுவார்கள். அந்த ஆறு அங்குலத்தில் காலை வைத்தவர், பழக்கதோஷத்தில் பக்கத்தில் இல்லாத மச்சானின் கையைப் பிடிக்கப் போயிருக்கிறார். எலும்பு முறியவில்லை. ஆனால் மகன் அம்ஜத் வத்தளையிலிருந்து அடுத்த நாளே வந்து நின்றான்.

அம்ஜத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரே பிள்ளை. வாப்பாவைப் பறிகொடுத்துப் பன்னிரண்டு நாள். வத்தளையில் ஐந்தாம் மாடியில் வீடு, லிஃப்ட் இருக்கிறது, மனைவி அஸ்னாவும் தங்கமான பிள்ளை. உம்மாவின் கட்டிலடியில் உட்கார்ந்து சொன்னான்:

"இத்தா முடியிற வரைக்கும் நான் ஒண்டும் செய்ய ஏலா. முடிஞ்ச அண்டைக்கு வேன் கொண்டு வருவன். நீங்க எங்களோட வந்திரோணும், உம்மா."

"நான் வரல்ல."

"இங்க தனிய எப்படி ஈக்கிற? ஒரு அடி எடுத்து வைக்க ஆள் வேணும் உங்களுக்கு."

"ஆள் வேணாம். வீடு சரியில்ல, அவ்வளவுதான். வீட்டை மாத்தினா நான் ஈப்பன்."

அம்ஜத் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். கடைசியில் அவன் ஒரு வார்த்தை கொடுத்தான். இத்தா முடிகிற அன்றைக்கு உம்மா யாரையும் பிடிக்காமல் கட்டிலிலிருந்து பாத்ரூமுக்கும், குசினிக்கும், வாசல் கேற்றுக்கும் போய்வந்தால் வேன் திரும்பிப் போகும். இல்லாவிட்டால் உம்மா வேனில் ஏற வேண்டும். ராத்தாவும் சரி என்றார். மே மாதக் காற்று தொடங்குவதற்குள் அந்தப் பழைய வீடு அவருக்கு ஏற்ற வீடாக மாற வேண்டும். மாற்றுகிறவர் எவரும் அவரைப் பார்க்கவும் கூடாது. விளங்குகிறதா எங்கள் சிக்கல்?

முதலில் பதுர்தீன் பாஸைக் கூப்பிட்டேன், இங்கே மேசனை பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அந்த வீட்டின் முன்படிகளைக் கட்டியவரின் மகன், இப்போது அவரே பெரிய மேசன். முற்றத்தில் நின்று திரைப்பக்கமாகப் பார்க்காமல் மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் படியை மூடிச் சரிவு போட வேண்டும் என்றதும் முகம் மாறிவிட்டது. "வீடெண்டா முன்னுக்கு மூணு படி ஈக்கோணும் தங்கச்சி. சரிவு போட்டா அரிசி மில் மாதிரி ஈக்கும்" என்றார். பாத்ரூம் நிலத்தை உயர்த்துகிற கதையைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனவர்தான்.

பிறகு கண்டக்குழி சாள்ஸ் அண்ணனின் ஞாபகம் வந்தது. அவர் கத்தோலிக்கர், பைபர் வள்ளங்களுக்கு ஒட்டுப் போடுகிறவர். இப்போது கடலில் பட்டம் கட்டி ஓட வருகிற வெள்ளைக்காரர்களுக்காகக் கண்டக்குழியில் லொட்ஜுகள் முளைத்திருக்கின்றன அல்லவா, அந்த வேலைகளும் செய்கிறார். ஒரு லொட்ஜில் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு என்று ஓர் அறையே கட்டியிருக்கிறார் என்று அவருடைய மனைவி றோசமேரி சட்டை தைக்க வந்தபோது சொல்லியிருந்தாள்.

சாள்ஸ் அண்ணன் வந்தார். படியைப் பார்த்தார், ஒரு தடியை எடுத்து முற்றத்து மணலில் கோடு கீறினார்.

"ஒரு அங்குலம் ஏற ஒரு அடி நீளம் போகோணும், தங்கச்சி. படி பதினெட்டு அங்குலம். பதினெட்டு அடி வேணும். நேரே இடமில்லை. சுவரோட போய்த் திரும்பி வருவம்."

கோடு வீட்டுச் சுவரோடு போய், மாதுளை மரத்தடியில் வளைந்து, கேற்றுப் பக்கம் வந்து நின்றது. நான் திரைக்குள் போய்ச் சொன்னேன். ராத்தா யன்னல் இடுக்கால் எட்டிப் பார்த்துவிட்டு, "மாதுளை மரத்துல கை படாம பாத்துக்கொள்ளச் செல்லு" என்றார். வெளியே வந்து நான் அதைச் சொன்னேன். இப்படித்தான் வேலை நடந்தது. தேவைக்கு அந்நிய ஆணோடு பேசலாம், அதில் குற்றமில்லை என்று மௌலவி சொல்லியிருந்தும் ராத்தா வாய் திறக்கவில்லை. ஹயாத்து மச்சானுக்காக வாயைக் கட்டிக்கொள்ளக்கூட என்னால் ஏலாதா என்று கேட்டார். நான் ஒரு நாளைக்கு நாற்பது தடவை திரைக்கு உள்ளேயும் வெளியேயும் ஓடினேன். என் மெசினில் பெருநாள் சட்டைகள் குவிந்து கிடந்தன.

அளவு எடுக்க வேண்டும் என்று சாள்ஸ் அண்ணன் சொன்னார். கொமட் எவ்வளவு உயரம், கைபிடி எவ்வளவு உயரம், உட்கார்ந்து சமைக்கிற மேசை எவ்வளவு உயரம். "ஆளுக்கு ஆள் வேற. லொட்ஜில வைச்ச அளவை இங்க வைக்க ஏலாது. அம்மாவை நான் பாக்க ஏலாது. ஆர் அளக்கிறது?"

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஆட்களை அளப்பதுதானே என் பிழைப்பு! இந்த ஊரில் எந்தப் பெண்ணின் கை நீளம் எனக்குத் தெரியாது?

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். ராத்தாவை உட்கார வைத்து முழங்காலின் மடிப்பிலிருந்து நிலம்வரை அளந்தேன். நிற்க வைத்து, கை லேசாக மடிந்து நிற்கிற இடத்திலிருந்து நிலம்வரை அளந்தேன். கதிரையில் இருத்தி முழங்கை உயரம் எடுத்தேன். "மையத்துக்குக் கபன் துணி வெட்ட அளவெடுக்கிற மாதிரி எடுக்கிறாய்" என்று அவர் எரிந்து விழுந்தார். "வாயை மூடிட்டு நில்லுங்க, ராத்தா" என்றேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் சாள்ஸ் அண்ணனிடம் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன்.

வேலை தொடங்கியது. அது முடியும்வரை ராத்தாவைக் குசினிக்குப் பின்னால் மறைப்புக் கட்டி நான்தான் குளிப்பாட்டினேன். சரிவுக்குச் சீமெந்து போட்ட அன்று, அது காயுமுன் ஈர்க்கு விளக்குமாற்றால் குறுக்கே கோடு கோடாக இழுத்தார். இல்லாவிட்டால் காற்று கொண்டுவருகிற மணல் மேலே படிந்து வழுக்கும் என்றார். பாத்ரூம் கதவைக் கழற்றி, வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி மாற்றினார். உள்ளே யாராவது விழுந்து கிடந்தால் உள்ளே தள்ளுகிற கதவைத் திறக்க முடியாதாம். கொண்டியும் வெளியிலிருந்து ஒரு இரண்டு ரூபாய்க் காசுக் குற்றியை வைத்துத் திருப்பினால் திறபடும். கைபிடியை உருண்டையாகப் பைபரில் செய்து, மேலே மணல் தூவி இறுக வைத்தார். "ஈரக் கையால பிடிக்கிற சாமான் எல்லாம் எனக்கு வள்ளம்தான்" என்று சிரித்தார். பாத்ரூம் நிலத்தை நாலு அங்குலம் உயர்த்தினார். முழுதாக உயர்த்தினால் தண்ணீர் அறைக்குள் ஓடிவரும் என்ற பயத்தில் இரண்டு அங்குலம் பள்ளமாக விட்டு, அதில் ஒரு சின்னச் சரிவு வைத்தார். கொமட்டைச் சீமெந்து மேடையில் ஏற்றி இறுக்கினார்.

இத்தா முடிய மூன்று கிழமை, இருபத்தொரு நாள்தான் இருந்தது. சாள்ஸ் அண்ணனை வெளியே அனுப்பிவிட்டு ராத்தாவை முதல் தடவையாக உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். கொமட்டில் உட்கார்ந்தார். இரண்டு காலும் நிலத்தில் முட்டாமல் தொங்கின. இடது பக்கமாகச் சரிந்தார். கைபிடியைப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார், தோள் காதுவரை ஏறிவிட்டது. பிடி வழுக்கி அப்படியே என் மேல் விழுந்தார். நான் பிடிக்காவிட்டால் மறுபடியும் நிலத்தில்தான்.

எனக்குக் கோபம் வந்தால் கண் தெரியாது. வெளியே வந்து, ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சாள்ஸ் அண்ணனை ஏசினேன். "வள்ளத்துக்கு ஒட்டுப் போடுறவங்களை வீட்டுக்குள்ள விட்டது எங்கட பிழை! கால் எட்டாத கொமட்டை ஆருக்குச் செஞ்சீங்க? வெள்ளைக்காரிக்கா?"

அவர் சட்டைப் பையிலிருந்து என் தாளை எடுத்துக் கொடுத்தார். பிறகு தன் நாடாவை எடுத்துக் கொமட்டை அளந்து காட்டினார். நான் எழுதியது பதினெட்டு. அவர் வைத்தது பதினெட்டு. கைபிடிக்கு நான் எழுதியது முப்பத்திநாலு. அவர் வைத்தது முப்பத்திநாலு. "உங்கட கையெழுத்துத்தானே, தங்கச்சி?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து மெசினுக்கு முன்னால் இருந்தேன். மேசையில் வெட்டுவதற்கு ஒரு சட்டைத் துணி கிடந்தது. பக்கத்தில் அளவுக் கொப்பி. மார்பு முப்பத்தாறு என்று அளந்தவளுக்கு முப்பத்தெட்டு என்று எழுதியிருந்தேன். அப்போதுதான் விளங்கியது. உடம்போடு ஒட்டாமல் இருக்கத் தளர்வுக்கு இரண்டு அங்குலம் கூட்டித்தான் எழுதுவேன். இருபத்தெட்டு வருடப் பழக்கம். கண் பதினாறைப் பார்க்கும், கை பதினெட்டை எழுதும், நடுவில் மூளைக்கு வேலையே இல்லை. ராத்தாவின் கொமட்டுக்கும் கைபிடிக்கும் மேசைக்கும் நான் தையலுக்குத் தளர்வு விட்டிருக்கிறேன்!

வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மனிதனை ஊர் கேட்க ஏசியிருக்கிறேன். அதைவிடப் பெரிய பயம், இந்த மூன்று கிழமைக்குள் மேடையை உடைத்து, டைல்ஸ் கழற்றி, சுவரில் பதித்த கைபிடியைப் பிடுங்கி மறுபடி வைக்க முடியுமா? முடியாவிட்டால் ராத்தா வேனில் ஏறுவார். என்னால்தான் ஏறுவார். அதற்குள் யாரோ வாய்க்கொழுப்பில் அம்ஜத்துக்கும் சொல்லிவிட்டார்கள். போன் அடித்தது. "போதும் அக்கீலா மாமி. இனி ஒண்டையும் உடைக்க வேணாம். உம்மா திரும்பவும் விழுந்தா ஆர் பொறுப்பு?" என்றான்.

அடுத்த நாள் காலை சாள்ஸ் அண்ணன் வந்ததும் முற்றத்தில் வைத்தே, நேற்று ஏசிய அதே சத்தத்தில், பிழை என்னுடையது என்று சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"சட்டைக்கு விடுற தளர்வைக் கொமட்டுக்கு விட்ட ஆளை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார். "பறவாயில்லை. ஆனா உடைச்சுத் திருப்பிச் செய்ய மூண்டு கிழமை காணாது. கைபிடியைப் பிடுங்கினா சுவரும் சேர்ந்து வரும்."

திரைக்குள் போய் ராத்தாவிடமும் சொன்னேன். அவர் என்னை ஏசியதை இங்கே எழுத முடியாது. ஏசி முடித்துவிட்டுக் கேட்டார்:

"எல்லாத்துக்கும் ரெண்டுதானா?"

"ஓம், எல்லாத்துக்கும் ரெண்டு."

"ஒண்டுக்கு ரெண்டு, ஒண்டுக்கு மூணு, அப்படியில்லையே?"

"இல்ல ராத்தா. எப்பவும் ரெண்டுதான் விடுவன்."

ராத்தா வெள்ளை உடுப்பின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு நான் எதிர்பார்க்காத காரியம் நடந்தது. மூன்று மாதத்துக்கு மேலாக எந்த அந்நிய ஆணின் காதிலும் விழாத குரலில், திரைக்குள்ளிருந்து நேரடியாகக் கூப்பிட்டார்.

"சாள்ஸ் பாஸ்!"

வெளியே சாள்ஸ் அண்ணன் துள்ளி எழும்பியிருக்க வேண்டும். வாளி ஒன்று உருண்ட சத்தம் கேட்டது.

"ஓம், அம்மா?"

"எல்லாம் ரெண்டு அங்குலம் உசரமெண்டா, அதுகளை என்னத்துக்கு உடைக்கிற? நிலத்தை ரெண்டு அங்குலம் உசத்துங்க."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நிலம் இரண்டு அங்குலம் உயர்ந்தால் கொமட் பதினாறு ஆகிவிடும். கைபிடி முப்பத்திரண்டு ஆகிவிடும். ஒன்றையும் பிடுங்கத் தேவையில்லை. கடைசியில் சாள்ஸ் அண்ணன் மெதுவாகச் சொன்னார்:

"அம்மா, அப்ப பாத்ரூமும் அறையும் ஒரே மட்டம். இறக்கமே இருக்காது. தண்ணி அறைக்குள்ள வருமே?"

"வள்ளத்துக்குள்ள தண்ணி வந்தா என்ன செய்வீங்க?"

"ஒரு பக்கமா வடிய விடுவம்."

"அப்ப இதையும் வடிய விடுங்க. இதுக்கும் நான்தான் சொல்லித்தரோணுமா?"

சாள்ஸ் அண்ணன் சத்தமாகச் சிரித்தது எனக்குக் கேட்டது. நிலத்தை இரண்டு அங்குலம் உயர்த்தி, கதவிலிருந்து மறுகோடிவரை கண்ணுக்குத் தெரியாத சாய்வு வைத்தார். வாசலடியில் விரலளவு அகலத்தில் ஒரு வடிகான் வெட்டி, மேலே துளைபோட்ட தகடு பதித்தார். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினோம். தண்ணீர் ஓடிப்போய் மறுகோடிக் குழிக்குள் விழுந்தது, அறைப் பக்கம் ஒரு சொட்டு வரவில்லை. ராத்தாவை விழுத்திய அந்த இறக்கம் இப்போது இல்லவே இல்லை. என் பிழை நடக்காமல் இருந்திருந்தால் அதில் இரண்டு அங்குலத்தை அப்படியே விட்டிருப்போம், இதையும் சொல்லத்தான் வேண்டும். குசினி மேசைக்குக் காலில் இரண்டு அங்குலம் அறுத்தார். ஐந்து நிமிட வேலை. அறைச் சுவரிலும் கட்டிலோரத்திலும் சரிவிலும் இன்னும் பூட்டாமல் இருந்த கைபிடிகளைச் சரியான அளவில் பூட்டினார்.

பரிகாரமாக நானும் ஒன்று செய்தேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள மதிலில் ஓர் ஆள் நுழைகிற அளவு வாசல் உடைக்கச் சொன்னேன். சாள்ஸ் அண்ணன் ராத்தாவின் வீட்டுக்குள் பாத்ரூமிலும் கட்டிலடியிலும் குசினியிலும் நிலத்தோடு ஒட்டி வலைக்கயிறு ஓடவிட்டு, மறுமுனையில் ஒரு மணியை என் மெசினுக்கு மேலே கட்டினார். விழுந்து கிடந்தாலும் கை எட்டுகிற உயரம். இந்த மணியை ராத்தா இன்றுவரை ஆபத்துக்கு அடித்ததில்லை. இறைச்சிக் கறி எப்படி வந்திருக்கிறது என்று ருசி பார்க்கக் கூப்பிடத்தான் அடிக்கிறார்.

இத்தா முடிந்த நாள் அம்ஜத் காலையிலேயே வந்துவிட்டான். வேனின் பின்சீட்டுகளைக் கழற்றி, உம்மா படுத்துக்கொண்டு வர மெத்தை போட்டிருந்தான். அஸ்னா தலையணைக்குப் புது உறை போட்டுக் கொண்டுவந்திருந்தாள். அவர்கள் பிடுங்கிக்கொண்டு போக வரவில்லை, அன்பாகத்தான் வந்திருக்கிறார்கள். அதனால்தான் பயமாக இருந்தது.

ராத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கட்டிலோரக் கம்பியைப் பிடித்து எழும்பினார். சுவரோடு இருந்த கைபிடியில் வலது கையை வைத்து, ஒவ்வோர் அடியாக நடந்தார். அறைக்கும் பாத்ரூமுக்கும் நடுவில் கால் தடுக்கும் என்று அம்ஜத் கையை நீட்டினான். தடுக்க அங்கே ஒன்றுமே இருக்கவில்லை. ராத்தா உள்ளே போனார். கதவைச் சாத்தினார். கொண்டி போடுகிற சத்தம் கேட்டது.

"ஏன் பூட்டுறாங்க?" என்றான் அம்ஜத்.

"குளிக்கப் போறாங்க. இத்தா முடிஞ்சா குளிக்கத்தானே வேணும்" என்றேன். தைரியமாகத்தான் சொன்னேன். ஆனால் உள்ளங்கைக்குள் ஒரு காசுக் குற்றியை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

தண்ணீர் விழுகிற சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை. அஸ்னா உதடு அசைய ஓதத் தொடங்கினாள். அம்ஜத் கதவில் கையை வைத்து, "உம்மா!" என்றான். பதில் இல்லை. "உம்மா! உம்மா!" நான் குற்றியைக் கொண்டிப் பொருத்தில் வைத்துவிட்டேன்.

"என்னத்துக்குக் கத்துறாய்? தலைக்கு சம்பூ போடுறன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

நான் குற்றியைக் கொண்டியிலிருந்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

வெளியே வந்தபோது பச்சையில் பூப்போட்ட சேலை உடுத்தியிருந்தார். உட்கார்ந்து உடுத்த இடம் வேண்டும் என்று கேட்டுச் செய்வித்த பலகை அந்த பாத்ரூமுக்குள் இருக்கிறது. பிறகு குசினிக்குப் போனார். மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்து, எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டார். மகன் கோப்பையை எடுத்துக் கொடுக்கப் போனான், கையில் ஓர் அடி விழுந்தது. கடைசியில் கேற்றுக்குப் போக வேண்டும். மேற்கிலிருந்து காற்று சுழற்றிக்கொண்டிருந்தது, சரிவெல்லாம் மணல். முந்தானையைத் தலையில் இறுக்கிக்கொண்டு இறங்கினார். ஒரு கை கம்பியில். மாதுளை மரத்தடியில் திரும்பி மூச்சு வாங்கினார். பிறகு கேற்றைத் தொட்டார்.

கேற்றுக்கு வெளியே சாள்ஸ் அண்ணனும் றோசமேரியும் நின்றார்கள். மூன்று மாதத்துக்கு மேல் அந்த வீட்டில் வேலை செய்தவர், யாருக்காகச் செய்தாரோ அந்த ஆளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் நினைச்சதை விடக் கட்டையா இருக்கிறீங்க, அம்மா" என்றார்.

"ரெண்டு அங்குலம்" என்றார் ராத்தா, என்னைப் பார்த்துக்கொண்டே.

திரும்பி வந்து கூடத்துக் கதிரையில் இருந்தபோது அம்ஜத் உம்மாவின் காலடியில் உட்கார்ந்தான். சொன்ன சொல்லை மாற்றுகிற பிள்ளை இல்லை. ஆனாலும் மனம் ஆறவில்லை. "அங்க வந்தா அஸ்னா கூட இருந்து குளிப்பாட்டுவா. உங்களுக்கு ஒரு கஷ்டமும் ஈக்காது, உம்மா" என்றான்.

ராத்தா அவனுடைய தலையைத் தடவினார்.

"உன்ட வாப்பா நல்ல மனிசன். அக்கீலாவும் நல்லவ. அஸ்னாவும் நல்ல புள்ள. ஆனா மகன், ரெண்டு வருசமும் நாலு மாசமும் நான் ஒரு கதவைப் பூட்டிக்கொண்டு தனியக் குளிக்கல்ல. எப்பவும் ஒரு ஆள் பாத்துக்கொண்டு நிண்டாங்க. இண்டைக்குத்தான் பூட்டினன். அதான் அவ்வளவு நேரம் ஈந்தன்."

அஸ்னா திரும்பி முகத்தைத் துடைத்தாள். நானும் துடைத்தேன், எனக்கென்ன வெட்கம். அத்தனை மாதம் அவரைக் குளிப்பாட்டியவள் நான். அப்படி ஓர் ஆசை அவருக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு அவர்கள் புறப்பட்டார்கள். வேன் வெறுமையாகப் போகக்கூடாது என்று ராத்தா உத்தரவு போட்டார். மெத்தையைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, அவர் படுத்திருக்க வேண்டிய இடத்தில் மூன்று மூட்டை சின்ன வெங்காயமும் ஒரு பெட்டிக் கருவாடும் ஏற்றினோம். வத்தளைவரை மணக்கப் போகிறதே என்று அஸ்னா மூக்கைப் பொத்திச் சிரித்தாள். ராத்தா சரிவின் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, மூட்டையை எப்படி அடுக்குவது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அம்ஜத் பின்கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினான். கண்ணெல்லாம் சிவந்து, கன்னம் நனைந்திருந்தது.

"என்ன மகன்?"

"ஒண்டுமில்ல உம்மா. வெங்காயம்."

"உரிக்காத வெங்காயத்துக்கு அழுற ஆளை இப்பத்தான் காணுறன்" என்றார் ராத்தா. "போய் முகத்தைக் கழுவிட்டு வா. பாத்ரூம் எங்க ஈக்கெண்டு தெரியுந்தானே?"